விளக்கேந்திய அம்மையாரின் மற்றொரு பணி

ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பெயர்க் காரணம் கூறுவார்கள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே வாழும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. மழைக்காலத்தில் நம் ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாய் விழுகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகரின் ஊடே ஓடிக் காவிரியைச் சேர்கிறது. சரபங்கா நதியும் இம்மலையிலேயே தோன்றி, ஓமலூர் வழியே சென்று காவிரியோடு கலக்கிறது. மலைமேல் இருக்கும் நாம் எதைக் கொட்டினாலும் அது கீழே இருக்கும் யாரோ ஒருவருடைய வாசலுக்குப் போய்ச் சேரும்.

சென்ற ஆண்டு மழை விட்ட ஒரு மாலையில் எங்கள் வகுப்பு மாணவியர் ஆசிரியையுடன் உலாவச் சென்றோம். ஒரு வீட்டின் பின்புறக் குழாயிலிருந்து சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையும் கலந்த நீர் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே நடந்தோம். சிறிது தூரத்தில் அது ஓர் ஓடையில் சேர்ந்தது. அவ்விடத்திற்குச் சற்றுக் கீழே இரண்டு தாய்மார்கள் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்தார்கள். எங்களில் எவருக்கும் பேச நாவெழவில்லை. அந்த வீட்டாரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஏனெனில், நாங்கள் தட்டுக் கழுவிய நீர் எங்கே போகிறது என்று அதுவரை நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

சில வாரங்களுக்குப் பின், ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. நாங்கள் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தோம். கைவிளக்கு ஏந்தி இரவெல்லாம் நோயாளிகளைக் கண்காணித்த காரிகை என்று அவரை நாம் யாவரும் சிறு வயது முதல் அறிவோம். ஆனால் அவர் வரலாற்றைப் படிக்கப் படிக்க எங்களுக்கு வியப்பு மேலிட்டது. அம்மையார் விளக்கேந்திய காலம் இரண்டே ஆண்டுகள். அதன்பின் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்த நீண்ட காலத்தில் அவர் இடைவிடாது கவலைப்பட்ட பொருள்களில் ஒன்று சாக்கடை. அதிலும் நம் நாட்டுச் சாக்கடை, நம் சென்னையின் சாக்கடை. அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்பட்டோம்.

இளமை

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பெற்றது. பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். தந்தையார் வில்லியம் தம் இரு பெண்மக்களுக்கும் தாமே கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் கற்பித்தார். புளோரன்ஸுக்குக் கணக்கின்மேல் தணியாத ஆர்வம். அந்நாளில் உயர்குடிப் பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று வீட்டில் தயங்கினார்கள். அவரோ வற்புறுத்திக் கற்றார். பின்னாளில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது இந்தக் கணக்குதான்.

பதினாறாம் வயதில் இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளிகளைப் பேணுவதே என்று தெளிந்தபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்து ஆங்கில மருத்துவமனைகளில் செவிலியர் பணி மதிப்பற்ற பணியாய் இருந்தது. தாயாரும் தமக்கையும் கண்ணீர் விட்டுத் தடுத்தார்கள். ஆண்டுகள் பல கழிந்தபின், 1851-இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் அவர் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33.

ஸ்கூட்டாரி

1854-இல் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர்கள் கருங்கடலைக் கடந்து ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்று அவ்வூர் இஸ்தான்புல் மாநகரின் ஒரு பகுதியாகி, உஸ்குடார் என்று வழங்குகிறது. அங்கே வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதாக இலண்டன் செய்தித்தாள்கள் எழுதின. போர்த்துறைச் செயலாளராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி 38 செவிலியருடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தார். அந்த 38 பேரில் பத்துப்பேர் கத்தோலிக்க அருட்கன்னியர். இலண்டன் பெர்மான்ட்சி இரக்கத்தின் கன்னியர் மடத்துத் தலைவி மதர் கிளேர் மூர் அவர்களுள் ஒருவர். சமயப் பிரிவால் வேறுபட்டிருந்தும் இவ்விருவருக்கும் இடையே மலர்ந்த நட்பு, 1874-இல் மதர் கிளேர் மூர் மறையும் வரை வாடாதிருந்தது.

மருத்துவமனை என்று பெயர்பெற்ற அக்கட்டடம் முன்னாளில் படைவீரர் குடியிருப்பு. நீண்ட தாழ்வாரங்களில் வரிசை வரிசையாகப் படுக்கைகள். போதிய துணி இல்லை, சோப்பு இல்லை, நல்ல உணவு இல்லை. அம்மையார் இவை யாவற்றையும் தேடிச் சேர்த்தார். சமையற்கூடம் அமைத்தார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், தரையைத் தேய்த்துக் கழுவச் செய்தார். இரவில் விளக்கோடு வலம் வந்தார். வீரர்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினார்கள்.

ஆனாலும் சாவு குறையவில்லை. தோழியரே, இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மையார் வந்தபின்பும், அத்தனை அன்புக்கும் உழைப்புக்கும் பின்பும், அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் மேலும் மேலும் மாண்டார்கள். 1855 பிப்ரவரியில் மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள் அல்லர். காலரா, சீதபேதி, விஷக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு இரையானவர்கள்.

காரணம் அவர்களுடைய கால்களுக்குக் கீழேயே இருந்தது. அக்கட்டடத்தின் அடியில் ஓடிய சாக்கடைகள் அடைபட்டுத் தேங்கிக் கிடந்தன. கழிப்பிடங்கள் நிரம்பி வழிந்தன. காற்று வீசும்போதெல்லாம் சாக்கடை நாற்றம் குழாய்கள் வழியே மேலேறி நோயாளிகள் படுத்திருந்த தாழ்வாரங்களில் பரவியது. குடிநீர் வந்த கால்வாயிலோ குதிரை ஒன்று செத்துக் கிடந்தது. மேலே செவிலியர் தூய்மை செய்துகொண்டிருக்க, கீழே நோய் ஊறிக்கொண்டிருந்தது.

1855 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. டாக்டர் ஜான் சதர்லாந்து, டாக்டர் ஹெக்டர் கேவின், பொறியாளர் இராபர்ட் ராலின்சன் ஆகியோர் அதில் இருந்தனர். அவர்கள் மருந்து எதையும் கொண்டுவரவில்லை. சாக்கடைகளைத் திறந்து நீர் பாய்ச்சிக் கழுவினார்கள். குப்பையை வண்டி வண்டியாக அகற்றினார்கள். குடிநீர்க் கால்வாயைத் தூய்மைப்படுத்தினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

எண்கள் கூறிய உண்மை

1856-இல் போர் முடிந்து அம்மையார் நாடு திரும்பியபோது இங்கிலாந்தே அவரை வாழ்த்தியது. அவரோ வரவேற்புகளைத் தவிர்த்துவிட்டு, யாருக்கும் அறிவிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார். பிழைக்க வேண்டிய வீரர்கள் ஏன் அத்தனை பேர் மாண்டார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. உணவும் உடையும் பற்றாமல் நலிந்து வந்ததே காரணம் என்று முதலில் அவர் கருதியிருந்தார். புள்ளிவிவர வல்லுநர் வில்லியம் ஃபார் என்பவரோடு அமர்ந்து மாதவாரியாகச் சாவுக் கணக்கை ஆராய்ந்தார். போர்முனையிலிருந்த சிறு மருத்துவமனைகளைக் காட்டிலும் ஸ்கூட்டாரியில்தான் அதிகம் பேர் இறந்தனர் என்றும், சாக்கடை செப்பனிடப்பட்ட பின்னரே சாவு சரிந்தது என்றும் கணக்கு காட்டியது.

தாம் இரவும் பகலும் பாடுபட்ட இடமே பேரழிவின் இடமாக இருந்தது என்பதை அறிய நேர்ந்த அந்த உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! நாடு முழுவதும் தம்மைப் புகழும் வேளையில் அதை மறைத்துவிட அவருக்கு எளிதாய் இருந்திருக்கும். அவர் மறைக்கவில்லை. அக்கணக்கைப் பிறர் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ளும்படி வட்ட வடிவப் படமாக வரைந்தார். தடுத்திருக்கக்கூடிய நோயால் நேர்ந்த சாவுக்கு நீலம், காயத்தால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கறுப்பு. படம் முழுவதும் நீலமே பரந்து கிடந்தது. 1858-இல் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அப்பெருமையை எய்திய முதற்பெண்மணி அவரே. 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி அவர் பெயரால் தொடங்கியது.

இதற்கிடையே அவரது உடல்நலம் முறிந்தது. 1857 முதல் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே அவருடைய நாட்கள் கழிந்தன. அந்த அறையிலிருந்துதான் அவர் நம் நாட்டைப் பார்த்தார்.

இந்தியாவின் மேல் ஒரு கண்

இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாய் இருந்தவர் அம்மையார். ஒவ்வொரு படை நிலையத்திற்கும் அனுப்பவேண்டிய கேள்வித் தாள்களைத் தயாரித்தவரும் அவரே. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எத்தனை பேர் எந்நோயால் இறந்தார்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. விடைகள் மூட்டை மூட்டையாக வந்து அவர் வீட்டு அறைகளை நிரப்பின. பல இடங்களில் சாக்கடை என்பதே இல்லை என்றும், குடியிருப்பை ஒட்டிய குழிகளில் கழிவு தேங்குகிறது என்றும், குளத்து நீரையும் கிணற்று நீரையும் அப்படியே குடிக்கிறார்கள் என்றும் அவற்றால் தெரியவந்தது. 1863-இல் ஆணையத்தின் அறிக்கை வெளியாயிற்று. இந்தியாவில் ஆங்கிலப் படைவீரர் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் 69 பேர் இறந்தனர். போரில் மாண்டவர் அதில் சொற்பமே.

அவ்வறிக்கையின் பயனாக 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் ஏற்பட்டன. பத்தாண்டுகளில், ஆயிரத்துக்கு 69 என்றிருந்த சாவு 18 ஆகக் குறைந்ததை 1873-இல் அம்மையார் எடுத்துக் காட்டினார்.

படை முகாமைச் சுற்றி வாழும் ஊர் மக்கள் நலமாக இல்லாமல் வீரர்கள் மட்டும் நலமாக இருக்க முடியாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். அதுமுதல் அவர் கவலை இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. இந்தியாவுக்குப் பதவியேற்க வந்த வைசிராய்களும் கவர்னர்களும் புறப்படுமுன் அவரைச் சென்று காண்பது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. 1866-இல் சென்னை மாகாணக் கவர்னராய் வந்த நேப்பியர் பிரபு, போர்க்காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளில் அவருக்கு அறிமுகமானவர். இங்கிருந்து அவருக்குக் கடிதங்கள் எழுதிவந்தார்.

சென்னையும் சாக்கடையும்

அந்நாளில் சென்னை நகரின் கழிவு திறந்த சாக்கடைகளில் ஓடிக் கூவத்திலும் கடலோரத்திலும் கலந்தது. 1865-இல் பொறியாளர் கேப்டன் டல்லக், நகரின் கழிவுநீரைச் சேகரித்து வெளியேற்றுவதற்கு ஒரு திட்டம் வகுத்தார். சென்னைச் சாக்கடைத் திட்டத்தின் நிலையை அம்மையார் இலண்டனிலிருந்தபடியே ஆண்டுக்கணக்காய்க் கவனித்து வந்தார். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், பொறியாளர்களின் கருத்தைக் கேட்டார், தாமதத்திற்குக் காரணம் வினவினார். கவர்னர்கள் மாறினார்கள். திட்டங்கள் மாறின. பணமில்லை என்ற விடை மட்டும் மாறவில்லை.

நகர் முழுவதற்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ஆம் ஆண்டு வாக்கில்தான் உருப்பெற்றது. அம்மையார் மறைந்ததும் அதே ஆண்டில். 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்து அத்திட்டம் வகுக்கப்பட்டது. 1961-இல் வந்து பார்த்தால் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் ஏற்காத கழிவு எங்கே போயிருக்கும் என்பதைக் கூவத்தின் கரையில் நின்ற எவரும் அறிவர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நம் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பஞ்சத்தோடு காலராவும் சேர்ந்து வந்தது. இம்மக்களின் துயரை ஆங்கில மக்களுக்கு எடுத்துச் சொல்ல அம்மையார் பத்திரிகைகளில் எழுதினார். நீர்ப்பாசனமே பஞ்சத்திற்கு மருந்து என்று வாதாடிய சர் ஆர்தர் காட்டனுக்குத் துணை நின்றார்.

அம்மையாரும் தவறாத மனிதர் அல்லர். கெட்ட காற்றே நோயை உண்டாக்குகிறது என்று அவர் நெடுங்காலம் நம்பினார். அவர் ஸ்கூட்டாரிக்குப் புறப்பட்ட அதே 1854-இல், இலண்டனில் டாக்டர் ஜான் ஸ்நோ, காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்பதை ஒரு தெருக் குழாயைக் கொண்டு காட்டினார். 1884-இல் இராபர்ட் காக், கல்கத்தாவில் ஆராய்ந்து காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார். அம்மையாரும் வயது முதிர்ந்த காலத்தில் கிருமிக் கொள்கையை ஏற்றுக்கொண்டார். காரணத்தை அவர் பிழையாக அறிந்திருந்தபோதிலும், கழிவையும் குடிநீரையும் பிரித்துவைக்க வேண்டும் என்ற அவருடைய மருந்து சரியாகவே இருந்தது.

கடைசி இருபது ஆண்டுகளில் அவர் மனம் இந்தியக் கிராமங்களையே நாடியது. கிராமத்தில் திரட்டும் வரியிலிருந்து முதற்செலவு அவ்வூரின் தூய்மைக்கே ஆகவேண்டும் என்று 1892-இல் அரசுக்கு எழுதினார். 1894-இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய உலகச் சுகாதார மாநாட்டிற்கு இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றிக் கட்டுரை அனுப்பினார். கட்டளையிட்டால் மட்டும் தூய்மை வராது, வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு அன்போடு சொல்லித் தர வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இத்தனைக்கும் அவர் ஒருமுறையேனும் இந்திய மண்ணில் கால் வைத்ததில்லை. அவருடைய கண்பார்வையும் மெல்ல மெல்ல மங்கிப் போயிற்று.

1907-இல் இங்கிலாந்தின் உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதற்பெண்மணி அவர். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் தமது 90-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. சிற்றூர்க் கல்லறை ஒன்றில் அவர் துயில்கிறார். அக்கல்லில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், பிறப்பு இறப்புக் குறிப்புமே பொறிக்கப்பட்டுள்ளன.

தள்ளிவிடுவதும் தீர்த்துவிடுவதும்

அம்மையார் காலத்தில் இலண்டன் மாநகரும் ஒரு பாடம் கற்றது. 1858-இன் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே தவித்தது. ஜோசப் பேசல்கெட் என்ற பொறியாளர் பெரும் பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். நகரம் தப்பியது. ஆனால் கழிவு முழுவதும் சில மைல் தள்சி அதே நதியில் அப்படியே விடப்பட்டது. 1878-இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அக்கழிவு கலக்கும் இடத்தருகே மூழ்கி, 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கழிவைத் தள்ளிவிட்டால் போதாது, அதைத் தீர்த்துவிடவும் வேண்டும் என்று மக்கள் உணரத் தொடங்கினார்கள்.

கழிவுநீரைத் தீங்கற்றதாக்கும் வேலையை இறைவன் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குக் கொடுத்திருக்கிறார். 1914-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அந்நுண்ணுயிர்களைப் பெருக்கி, சில மணி நேரத்தில் நீரைத் தெளியவைக்கும் முறையைக் கண்டறிந்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்து பணியாற்றினார். இன்று உலகின் பெருநகரங்களில் இம்முறையே பரவலாக வழங்குகிறது.

நம் மலையில் நாம் செய்யத்தக்கவை

பெருநகரத்து இயந்திரங்கள் எல்லா மலைச் சிற்றூர்களுக்கும் வந்துவிடா. ஆயினும் நம் வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை பல உண்டு.

சமையலறை நீரையும் குளித்த நீரையும் ஓடையில் விடாமல், புழக்கடையில் கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழியில் விடலாம். அருகே வாழை, கல்வாழை, சேம்பு வைத்தால் அவை அந்நீரைக் குடித்துச் செழிக்கும். நம் பாட்டிமார் அங்கணத்து நீரை வாழைக்குப் பாய்ச்சியது இதனால்தான். சோற்றுப் பருக்கையையும் எண்ணெய்யையும் தட்டிலிருந்து வழித்து எடுத்துவிட்டுப் பின் கழுவினால் குழி அடைபடாது.

கழிப்பறைக்குச் செப்டிக் டேங்க் இருக்கும் வீடுகளில் அதன் வேலையை நாம் அறிந்திருக்க வேண்டும். கனமான கழிவு அடியில் தங்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். மேலே நிற்கும் நீரில் கிருமிகள் இன்னும் இருக்கும். ஆகவே அதையும் உறிஞ்சு குழிக்கே அனுப்ப வேண்டும், தெருச் சாக்கடைக்கு அன்று. குழி, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் எட்டத்தில், அவற்றுக்கு மேற்சரிவில் இல்லாதவாறு அமைய வேண்டும். ஆசிட்டையும் பினாயிலையும் அளவின்றிக் கொட்டினால் நமக்கு உழைக்கும் நுண்ணுயிர்களை நாமே கொன்றவர்களாவோம்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியில் படிந்த கசடை எடுக்க வேண்டும். அதற்கு இயந்திரம் பொருத்திய லாரியையே அழைக்க வேண்டும். அந்த லாரி அதைச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுபோகிறதா, இருட்டிய பின் ஓடைப்பக்கம் கொட்டுகிறதா என்று கேட்டறிவதும் வீட்டுக்காரர் கடமை. எக்காரணம் கொண்டும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்கலாகாது. உள்ளே தேங்கும் நச்சுவாயு ஒரு நொடியில் உயிரைக் குடித்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருந்தும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் இவ்வாறு மாண்ட செய்தியை இன்னும் படிக்கிறோம். நம் கழிவுக்காக இன்னொரு தாயின் மகன் உயிர் கொடுப்பது பாவம் அல்லவா?

காப்பித் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பறித்த பழத்தைப் பல்ப்பர் இயந்திரத்தில் தோலுரித்து, கொட்டையின் வழவழப்பு நீங்க ஊறவைத்துக் கழுவுவார்கள். கழுவிய நீரில் பழத்தின் சர்க்கரை மிகுந்திருக்கும். அது ஓடையில் கலந்தால் புளித்துக் கறுத்து, நீரிலுள்ள உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடும். மீனும் தவளையும் மூச்சு முட்டிச் சாகும். அறுவடைக் காலமோ மழை ஓய்ந்து ஓடை மெலியும் காலம். ஆதலால் அந்நீரைத் தொட்டிகளில் தேக்கி, சுண்ணாம்பு இட்டுப் புளிப்பை மாற்றி, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்வரை வைத்திருந்து, பின்னரே வெளியே விட வேண்டும். தோலை மக்கவைத்தால் அதே தோட்டத்திற்கு நல்ல உரம். கழுவும் நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கழிவும் குறையும், தண்ணீரும் மிஞ்சும். இம்முறைகளைக் கைக்கொள்ளும் தோட்டத்தார் நம் நன்றிக்கு உரியவர்கள்.

முடிவாக

அம்மையாரின் வாழ்க்கையை எழுதி முடித்த பின், நாங்கள் மீண்டும் ஒருமுறை அந்த ஓடைக்குச் சென்றோம். எங்களில் ஒருத்தியின் தாயார் அந்த வீட்டாருக்குத் தெரிந்தவர். அவர் எங்களோடு வந்து, பழைய வாழ்க்கையையும் புதிய நோய்களையும் பற்றிப் பேசியபடியே உறிஞ்சு குழியின் பயனையும் எடுத்துச் சொன்னார். அவ்வீட்டு அம்மாள் முகம் சுளிக்காமல் கேட்டார். அடுத்த மாதம் அங்கே ஒரு குழி வெட்டப்பட்டது. அதன் ஓரத்தில் நட்ட இரண்டு கல்வாழைகளும் இப்போது இலை விட்டிருக்கின்றன. மலையில் இன்னும் எத்தனையோ குழாய்கள் ஓடையை நோக்கியே இருக்கின்றன. எங்கள் வீட்டுக் குழாய்களையும் நாங்கள் போய்ப் பார்த்தோம். சிலவற்றைக் கண்டு வெட்கப்பட்டோம்.

அம்மையாருக்கு அன்பு நிறைந்த உள்ளம் இருந்தது. அந்த அன்பு மட்டும் ஸ்கூட்டாரியில் உயிர்களைக் காக்கப் போதவில்லை. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்த பின்னரே சாவு விலகியது. தம் குறையைத் தாமே கண்டு, அதைக் கணக்கோடு உலகுக்குக் காட்டி, எஞ்சிய ஆயுளை எல்லாம் தாம் கண்டிராத ஒரு நாட்டு மக்களின் நலனுக்காகச் செலவிட்டார் அப்பெருமாட்டி.

தோழியரே, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் புழக்கடைப் பக்கம் சென்று, நம் வீட்டு நீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்ப்போம். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது சற்று உடன் வந்து காட்டுங்கள். நம் மலையின் கீழே குடத்தோடு நிற்கும் தாய்க்குத் தெளிந்த நீர் கிடைக்கட்டும்.